பலகையில் ஒரு சுழி

ஜனவரி 14

அத்தைக்கு,

சபைக்கு நான் மாதாமாதம் எழுத வேண்டிய கடிதம் இந்த உறைக்குள்ளேயே தனியாக மடித்து இருக்கிறது. அதைப் பெண்கள் ஐக்கியத்தின் தலைவியாக நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் மாமியாருக்கு. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறீர்கள். அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவர் கையில் எழுத்து கிடைத்தால் படிக்காமல் விடமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பதில் போடமாட்டீர்கள் என்றும் தெரியும்.

கிளம்புகிற அன்று கேட்டீர்களே, "நீ ஊழியத்துக்குப் போறியா, என்னை விட்டு ஓடுறியா?" என்று. இரண்டு மாதம் யோசித்துவிட்டேன். பாதிக்குப் பாதி. உங்கள் பிள்ளை தவறிப்போன பிறகு ஆறு வருஷம் ஒரே சமையலறையில் நாம் இரண்டு பேரும் முட்டிக்கொண்டதில் எனக்கு மூச்சுத் திணறியது உண்மை. போகத்தான் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதும் உண்மை. இரண்டுக்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பாஷை தெரியாத இந்தத் துறைமுக ஊரில் எனக்குக் கொடுத்திருப்பது நாலாவது மாடியில் ஒற்றை அறை. கதவு தானாகவே சாத்திப் பூட்டிக்கொள்ளும். முதல் வாரமே சாவியை உள்ளே வைத்துவிட்டு, ஈரத் தலையோடு நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்றேன். சுவர் அட்டை மாதிரி. முதல் நாள் விடியற்காலை நம் வீட்டில் செய்கிற மாதிரி கையைத் தட்டி வாய்விட்டு ஜெபித்தேன். பக்கத்து அறைப் பெண் ஓடி வந்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவள், பாவம். அன்றிலிருந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஜெபிக்கிறேன். பாதி ஜெபம் பஞ்சுக்குள் போகிறது.

நான் இங்கே என்ன செய்கிறேன் தெரியுமா? மூன்று நோட்டு நிறைய பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன் அல்லவா? மேற்பார்வை அம்மா என்னை நேராக அடித்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ரப்பர் கையுறையைக் கொடுத்து, துண்டுக் குவியலைக் காட்டினார். இது வீடு இல்லாதவர்கள் வந்து குளிக்கிற கூடம். எட்டு அறை. ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிஷம், ஒரு சோப்பு, ஒரு துண்டு. அவர்கள் குளிப்பதற்குள் உடுப்பைத் துவைத்து உலர்த்திக் கொடுக்க வேண்டும். "பிரசங்கம் எப்போ?" என்று கேட்டேன். "முதல்ல துண்டு மடிக்கக் கத்துக்கோ"ங்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நான் மடித்தது தப்பாம். ஓரம் உள்ளே போகிற மாதிரி மூன்றாக மடிக்க வேண்டும், அப்போதுதான் ஒரு கையாலேயே உதறி விரிக்க முடியும். இங்கே வருகிறவர்களின் இன்னொரு கையில் எப்போதும் ஒரு பை இருக்கிறது. குளிக்கிற அறைவரைக்கும் அதைக் கீழே வைக்க மாட்டார்கள்.

கால் வலிக்கிறது. மற்றபடி சுகம்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

பிடிவாதக்காரிக்கு,

பதில் போடமாட்டேன் என்று நீயே தீர்ப்பு எழுதியிருந்தாய். அதனால்தான் போடுகிறேன்.

உன் கடிதத்தில் ஒன்பது எழுத்துப் பிழை. சந்திப் பிழையை நான் எண்ணவில்லை. பொழுது போதாது. துண்டு மடிக்கவா அவ்வளவு தூரம் போனாய்? இங்கே உன் அலமாரியில் மடிக்காத துணி ஆள் உயரத்துக்கு இருந்ததே, அதை மடித்திருந்தால் எனக்காவது உபகாரமாக இருந்திருக்கும். திறந்தால் மேலே விழுகிறது என்று அந்தக் கதவையே நான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன்.

நீ போன பிறகு சபையில் ஒரு புது ஏற்பாடு. பிரசங்க மேடைக்கு இடது பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார்கள். நம் சபை வெளியே அனுப்பின ஊழியர்களின் பெயர், அதற்கு எதிரே கிறிஸ்துவுக்கு ஆதாயம் பண்ணின ஆத்துமாக்களின் எண்ணிக்கை. மாதக் கடிதம் வாசித்து முடித்ததும் செயலாளர் எழுந்துபோய்ச் சாக்பீஸால் மாற்றி எழுதுவார். தீவுக்குப் போன தம்பதிக்கு நாற்பத்தொன்று. மலைப்பக்கம் போன வாத்தியாருக்குப் பதினெட்டு. உனக்குச் சுழி. செயலாளர் கடிகாரக் கடை வைத்திருக்கிறவர், உனக்குத் தெரியுமே, எதையும் உருண்டையாக, சுத்தமாக எழுதுவார். என் இருக்கை அந்தப் பலகைக்கு நேர் எதிரே.

உடம்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் எழுதமாட்டேன். நாற்பத்தொரு வயதில் உனக்கே தெரிய வேண்டும்.

அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

சுழிக்கு நன்றி. செயலாளர் கையால் எழுதினது அழகாகத்தான் இருக்கும்.

நீங்கள் சந்தோஷப்படுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று கூரை அதிரப் பாடினவள், ஐக்கியக் கூட்டத்தில் உங்களையே எதிர்த்துப் பேசினவள், இங்கே வாய் இல்லாத பூச்சி. சாயங்காலம் மொழி வகுப்புக்குப் போகிறேன். "இது மேஜை, அது ஜன்னல்" வரைக்கும் வந்திருக்கிறேன். கடையில் உப்பு கேட்கத் தெரியாமல் நாக்கை நீட்டி, முகத்தைச் சுளித்து, கையை ஆட்டிக் காட்டினேன். கடைக்காரர் வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுத்தார். என் வாய்க்கு இப்படி ஒரு தண்டனை கிடைக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனை வருஷம் முழங்காலில் நின்றீர்களோ தெரியாது. பலித்துவிட்டது.

கூடத்துக்கு வருகிறவர்களில் ஒருவர், கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர். எழுபது வயது இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் வருவார். என் கழுத்தில் சிலுவையைப் பார்த்துவிட்டு முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டார். "உங்க ஆளைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா நான் குளிக்காமலே நாறிக்கிட்டுத் திரிவேன், பரவாயில்லையா?" மேற்பார்வை அம்மாதான் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எனக்கு மொழிபெயர்த்தார். சரி என்று தலையாட்டினேன். அவர் வலது காலில் சர்க்கரை வியாதிப் புண் இருக்கிறது. குளித்ததும் ஸ்டூல்மேல் காலைத் தூக்கி வைப்பார், நான் மருந்து வைத்துக் கட்டுவேன். வேறு யாரையும் தொட விடமாட்டார். நான் பேசத் தெரியாதவள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சபைக்கான கடிதத்தில் இந்த மாதம் ஒன்பது பேருக்கு நகம் வெட்டினதை எழுதியிருக்கிறேன். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நகம் வெட்டும்போது இல்லை. அப்படியே வாசியுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 6

மருமகளுக்கு,

உன் கடிதத்தைச் சபை இப்போது ஆசையாகக் கேட்கிறது. போன மாதம் வாசித்து முடித்ததும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார்.

அந்தப் பெயின்டரைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. காலைக் கட்டும்போது அவர் ஏதாவது சொன்னாரா? வானத்தைப் பார்த்தாரா? கண் கலங்கினாரா? கண்ணில் சோப்பு பட்டாவது கலங்கியிருக்குமே, யோசித்துப் பார். மற்ற ஒன்பது பேருக்கும் என்ன வயசு, எப்படி முகம் என்று எழுது. நகத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

உனக்குக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். அன்பினால் அல்ல. நூல் மிஞ்சிக் கிடந்தது.

அத்தை


ஜூன் 20

அத்தைக்கு,

கையுறை வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, நம் செயலாளரின் கடிதம். என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார். ஏழு ஆத்துமாக்களாம். கப்பல் பெயின்டர் மண்டியிட்டுக் கண்ணீரோடு ஜெபித்ததைக் கேட்டுச் சபையே உருகிவிட்டதாம். ஆண்டு மலரில் போட அவர் போட்டோவும், அவர் கைப்பட எழுதின சாட்சியும் வேண்டுமாம்.

நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவைதான் உங்கள் கை தெரிந்தது. "பாறையில் கசியும் நீர்போல அவர் இமையோரம்" என்று என் வரியாக எடுத்துப் போட்டிருக்கிறாரே, அப்படி நான் இந்த ஜென்மத்தில் எழுதுவேனா அத்தை?

நான் நகம் வெட்டினேன் என்று எழுதினேன். நீங்கள் என்ன வாசித்தீர்கள்? எத்தனை மாதமாக வாசிக்கிறீர்கள்?

பெயின்டரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் எனக்கு விதித்தது ஒரே ஒரு நிபந்தனை. மேற்பார்வை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட இருக்கிறது நான் ஒருத்தன்தான். வீடு போச்சு, சாமான் போச்சு. மிச்சம் இருக்கிற என்னையும் கேட்காமலே தூக்கிட்டுப் போய் மண்டிபோட வச்சுட்டீங்களா?" என்றார். பாதி கட்டின காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று செவ்வாய் ஆகிறது, வரவில்லை. அந்தப் புண்ணை வாரம் இரண்டு தடவை சுத்தம் பண்ணாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

ஆறு வருஷத்தில் நீங்கள் என் சமையலைச் சொல்லியிருக்கிறீர்கள், என் தூக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், என் அம்மா வீட்டைச் சொல்லியிருக்கிறீர்கள். எதற்கும் நான் இவ்வளவு கோபப்பட்டதில்லை. எனக்குப் பதில் வேண்டும்.

மருமகள்


ஜூலை 5

மருமகளுக்கு,

ஆமாம், சேர்த்தேன். என்ன இப்போது?

பிப்ரவரிக் கடிதத்திலிருந்து. நீ கேட்டதால் சொல்கிறேன், மாதத்துக்கு ஒன்று, மே மாதம் மட்டும் நாலு. ஜனவரியில் உன் முதல் கடிதத்தை நான் ஒரு எழுத்து மாற்றாமல்தான் வாசித்தேன். முடித்துவிட்டு உட்காரக்கூட இல்லை. செயலாளர் எழுந்து, "விதவைப் பொண்ணைத் தனியா அனுப்ப வேண்டாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். துண்டு துவைக்கவா சபை தலைமேல கைவச்சு ஜெபிச்சு அனுப்புச்சு?" என்றார். ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். அவர் போய் அந்தச் சுழியை எழுதினார், எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் மருமகளை நான் திட்டுவேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறது, அதைச் சும்மா வாங்கவில்லை. அந்தக் கடிகாரக்காரர் யார் உன்னைச் சொல்ல? அடுத்த மாதம் உன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, "அவர் தலையாட்டினார்" என்ற இடத்தில் "அவர் தலைவணங்கினார்" என்று வாய் தானாக வாசித்துவிட்டது. அவ்வளவுதான் முதலில். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதினதைத் திருத்தியே பழகின கை. ஒருமுறை ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று உனக்குத் தெரியாது. செப்டம்பரில் கமிட்டி கூடுகிறது. எண்ணிக்கை இல்லாத ஊழியரைத் திரும்ப அழைத்துக்கொள்வது என்று தீர்மானம் போடப் போகிறார்கள். சுழியோடு நீ அந்தக் கூட்டத்தைத் தாண்டமாட்டாய். நான் சேர்த்த ஏழுதான் உன்னை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே வாயை மூடிக்கொண்டு இரு. யாராவது ஒரு வயசானவரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மனிதர் கால் விஷயம் எனக்கு வருத்தம்தான். அது நான் நினைத்துச் செய்தது இல்லை.

அத்தை


ஜூலை 18

அத்தைக்கு,

போட்டோ வராது.

உங்களுக்கு எரிந்தது எனக்குப் புரிகிறது. படிக்கும்போது எனக்கும் எரிந்தது. எனக்காக நீங்கள் ஒருவரிடம் சண்டைக்குப் போவீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சண்டை போடவில்லை, அவருக்குப் பயந்துபோய் அவர் கேட்ட எண்ணிக்கையைக் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு டம்ளர் இடம் மாறினால் ஊரைக் கூட்டுகிற நீங்கள், அவரிடம் போய்ப் பணிந்திருக்கிறீர்கள்.

இந்த மாதக் கடிதம் கீழே. சின்னது. காற்புள்ளியைக்கூடத் தொடாமல் வாசிக்க வேண்டும். முடியாது என்றால் சொல்லுங்கள், போதகருக்கே நேராக அனுப்புகிறேன். திரும்பி வரச் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம். பொய்யான ஏழு பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் இங்கே இருக்கமாட்டேன்.

மருமகள்

*சபையாருக்கு,*

*எட்டு மாதத்தில் இங்கே என்னால் யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை. கப்பல் பெயின்டர் ஜெபித்ததாகக் கேள்விப்பட்டீர்கள். அவர் ஜெபிக்கவில்லை. அப்படிச் சொன்னதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் இன்னும் மன்னிக்கவில்லை.*

*நான் துண்டு மடிக்கிறேன். ஓரம் உள்ளே போகும்படி மூன்றாக மடிக்க வேண்டும், ஒரு கையால் விரிப்பதற்காக. இங்கே வருகிறவர்களின் மற்றொரு கையில் அவர்களுடைய எல்லாமும் ஒரு பையில் இருக்கிறது. காலையிலிருந்து மத்தியானம்வரை அறுபது, எழுபது துண்டு. நகம் வெட்டுகிறேன், புண் கட்டுகிறேன், வடிகாலில் முடி அடைத்தால் எடுக்கிறேன்.*

*எண்ணிக்கை வேண்டும் என்றால் என்னிடம் சுழிதான் இருக்கிறது. அதற்காக என்னைத் திரும்ப அழைப்பது உங்கள் இஷ்டம். இது ஊழியம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.*


ஆகஸ்ட் 4

மருமகளுக்கு,

பயந்துபோய் என்று எழுதினாய் பார், அந்தத் தாளை மூன்று நாள் வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். நாலாவது நாள் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

வாசித்தேன். காற்புள்ளியைத் தொடவில்லை, அதில் இரண்டு தப்பான இடத்தில் இருந்தும். வாசித்துவிட்டு, "முன்னாடி வாசிச்சதெல்லாம் என் கைவேலை. அவளுக்குத் தெரியாது" என்று சொன்னேன். செயலாளர் எழுந்து, "அம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. கரும்பலகைக்குப் போனேன். ஏழு என்ற அந்த எண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். சாக்பீஸை எடுத்துச் சுழி போட்டேன். கடைசி வரிசையில் கண் தெரியாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டேன். செயலாளருடையது போல உருண்டையாக வரவில்லை, கொஞ்சம் கோணல். "இது அவ வாங்கினது. யாரும் இனிமே இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது" என்றேன். இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதுதான் எனக்கு அவமானம்.

ஆர்கன் வாசிக்கிற டீச்சர் மட்டும் எழுந்து, "அந்தத் துண்டு மடிக்கிறதை இன்னொரு தரம் வாசிங்க" என்றாள். வாசித்தேன். பெண்கள் பக்கம் சிலர் மடியில் கைக்குட்டையை வைத்து மடித்துப் பார்த்தார்கள். போதகர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஜெபித்தாரா, என் முகத்தைப் பார்க்க முடியவில்லையா தெரியாது.

சாயங்காலமே என்னைத் தலைவி பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷப் பதவி. ஐக்கியத்தின் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். நன்றாகப் பசித்தது, சாப்பிட்டேன்.

அந்த மனிதர் வந்தாரா?

அத்தை


ஆகஸ்ட் 25

அத்தைக்கு,

வந்தார். உங்கள் கடிதத்தை மேற்பார்வை அம்மாவிடம் எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, அவர் அதை நல்ல மொழியில் எழுதி, இன்னொரு குளியல்காரர் மூலமாகக் கொடுத்தனுப்பினோம். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்றார். கால் வீங்கியிருந்தது. "உன் மாமியார் எல்லாருக்கும் முன்னாடி அழிச்சாங்களா? அவங்க கையாலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். காலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது வேறு ஒன்று. செப்டம்பர் கூட்டத்துக்கு முன்பே கமிட்டியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு, சுழியாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்களாம். மூன்றே வரி. முதலாவது, கடிதங்களைத் திருத்தியது நீங்கள். இரண்டாவது, அது எனக்குத் தெரியாது. மூன்றாவது, 'மறைந்த கணவரின் தாயாரான அவருக்கும் எனக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள மாட்டேன்.'

எனக்கு இங்கே இருக்க வேண்டும் அத்தை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். காலையில் அந்த ஷட்டரைத் தூக்கும்போது வெளியே இருபது பேர் நிற்பார்கள். அப்போது எனக்கு வருகிற நிம்மதி வேறு எங்கேயும் வந்ததில்லை. முதல் முறையாக ஒரு இடம் எனக்குப் பொருந்தியிருக்கிறது. அந்தத் தாள் மேஜைமேல் ஒரு வாரமாகக் கிடக்கிறது.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 6

மடச்சிக்கு,

கையெழுத்தைப் போடு.

இதற்கு ஒரு வாரம் யோசனையா? முதல் இரண்டு வரியும் சத்தியம். மூன்றாவது வரி வெறும் மை. மை என்னவெல்லாம் சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அறுபத்தெட்டு வயது. அவர்கள் பிடுங்குவதற்கு இனி என்னிடம் பதவியும் இல்லை. நீ எழுதாவிட்டால் நான் செத்துவிடமாட்டேன். படிக்க அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழைய பஞ்சாங்கக் குப்பை வீடு நிறைய இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், பிறகு இதைப் பற்றிப் பேச்சு எடுக்காதே. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. நீ போன அன்று, மூன்று மாதத்தில் மூக்கு உடைந்து திரும்பி வருவாய், வாசலில் நின்று "என்னடி, ஆச்சா?" என்று கேட்க வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். இப்போது கமிட்டியே உன்னை என்னிடம் கொண்டுவந்து விடப் பார்க்கிறது. எனக்கு அப்படி வேண்டாம். அந்தக் கடிகாரக்காரர் அனுப்பி என் மருமகள் என் வீட்டுக்கு வர வேண்டாம். அங்கேயே இரு. நான் அழுகிறேனா என்று யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

போடு. தபால் தாமதமாகும், நாளைக்கே அனுப்பு.

அத்தை


செப்டம்பர் 27

அத்தைக்கு,

உங்கள் பேச்சை நான் எப்போது கேட்டேன், இப்போது கேட்பதற்கு.

முதல் இரண்டு வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வரியைப் பிழை திருத்துகிறவர்கள் அடிப்பீர்களே, அந்த மாதிரி நேர்கோடு போட்டு அடித்து, ஓரத்தில் வளைத்து, 'நீக்குக' என்று எழுதினேன். அந்த ஒரு அடையாளத்தை மட்டும் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

பதில் தபாலுக்குக் காத்திருக்காமல் போனிலேயே செய்தியாக வந்துவிட்டது. பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம், சுழியையும் சேர்த்து. இம்மாதம் முப்பதாம் தேதியோடு நான் நம் சபையின் ஊழியர் இல்லை. படித்துவிட்டுத் துணி உலர்த்துகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அங்கே மெஷின் சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது.

மேற்பார்வை அம்மாவிடம் போய், நான் கிளம்ப வேண்டும் என்றேன். எனக்கு இப்போது அவ்வளவு பேசத் தெரியும். அவர் ஏன் என்று கேட்டார். முழுக் கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "துண்டு மடிக்க ஆள் எனக்கு வேணும். அந்த ஆளை யார் அனுப்பினாங்கங்கிறது எனக்கு வேண்டாம்" என்றார். கூடத்தின் சொந்த வேலையாளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாலாவது மாடி அறை அப்படியே எனக்கு. அரை நாள் கூடம், அரை நாள் பக்கத்து முதியோர் இல்லத்தின் சலவையறை. கை கொப்பளிக்கும், பரவாயில்லை.

இன்று அலுவலகத்துப் பெண் எனக்குப் புது அட்டை எழுதினாள். வயது, படிப்பு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நிறுத்தினாள். 'அனுப்பியவர்' என்று ஒரு கட்டம். எல்லா வேலையாளுக்கும் அதில் ஏதாவது ஒரு சபையின் பெயர் இருக்கும். காலியாக விடக் கூடாதாம். மேற்பார்வை அம்மாவுக்கு வேண்டாம் என்றாலும் அட்டைக்கு வேண்டும் போலிருக்கிறது. "உங்க சபைதான் எடுத்துடுச்சே, இப்போ யாரைப் போட?" என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன், பிழை இல்லாமல்.

அவள் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இது எந்தச் சபைப் பிரிவு? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள்.

"ரொம்பக் கண்டிப்பான பிரிவு" என்றேன். "மொத்தம் இரண்டு பேர்தான்."

உங்கள் மருமகள்